பீப்பாயில் ஊறிய ஸ்டவுட்: முகர்ந்து, சுவைத்து, மதிப்பெண் போடுவது எப்படி

பாட்டிலின் லேபிளில் "ஓக், அத்திப்பழம், டாஃபி, டார்க் செர்ரி" என்று அடுக்கியிருப்பார்கள். நம் ஆட்கள் அதைப் படித்துவிட்டு ஒரு மடக்கு குடிப்பார்கள். "எனக்கு அதெல்லாம் ஒன்னும் தெரியலையே" என்று கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்கள். பினாங்கில் நண்பர்களோடு உட்கார்ந்து பல வருடமாக இந்த பீர்களைச் சுவைத்து வருகிறேன். இந்தப் பேச்சைக் கேட்காத மேசை இல்லை. தெரியாமல் இல்லை, பெயர்தான் நமக்கு அந்நியம். அத்திப்பழத்தை வாழ்நாளில் நாலு தடவை தின்றிருப்போம். கிராம்பும் கருப்பட்டியும் வறுத்த தேங்காயும் கிச்சாப் என்ற சோயா சாஸும் பாலில்லாத கோப்பி-ஓவும் சின்ன வயதிலிருந்து மூக்கில் ஏறிக் கிடக்கின்றன. பீப்பாயில் ஊறிய, வாசனைப் பொருள் சேர்த்த ஸ்டவுட் என்ற கறுப்பு பீரை மதிப்பிட அந்த மூக்கு போதும். அதை எப்படிப் பழக்குவது, எந்த வரிசையில் வேலை வாங்குவது என்பதை முழுசாக எழுதிவைக்கிறேன்.

21 வயது நிரம்பாதவர்களுக்கு இது இல்லை. 2017 டிசம்பரிலிருந்து மலேசியாவில் சட்டமும் அதுதான்.

கிளாஸுக்குள் இருக்கும் மூன்று குரல்கள்

முதல் குரல் பீர். ஸ்டவுட்டின் கறுப்பு, கருகும் அளவுக்கு வறுத்த வாற்கோதுமையிலிருந்து வருவது. கோப்பி, கொக்கோ, அடிப்பிடித்த வெல்லம் எல்லாம் அந்த வறுவலிலேயே உண்டு. பீப்பாய்க்குள் போவது பெரும்பாலும் இம்பீரியல் ஸ்டவுட். பீர் நடுவர்களுக்கான பிஜேசிபி வழிகாட்டி அதற்கு 8 முதல் 12 விழுக்காடு ஆல்கஹாலும் 50 முதல் 90 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) கசப்பும் சொல்கிறது. இதைவிட மெலிந்த பீரை மரம் விழுங்கிவிடும்.

இரண்டாவது குரல் மரம். அதிகம் பயன்படுவது அமெரிக்காவின் பர்பன் விஸ்கி பீப்பாய். பர்பனைப் புதிதாகச் செய்து உள்பக்கம் கருக்கிய ஓக் கலனில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாயில் அடுத்த பர்பனை ஊற்ற முடியாது. அதனால் சுமார் 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் வெளியே விலைக்கு வருகின்றன. சிகாகோவின் கூஸ் ஐலண்ட் பீர் ஆலை 1990களில் அப்படிப்பட்ட பீப்பாயில் ஸ்டவுட்டை ஊறவைத்து "பர்பன் கவுண்டி" என்ற பெயரில் வெளியிட்டது. இன்று உலகம் முழுக்க இருக்கும் இந்த வகைக்கு அதுதான் பெரிய முன்னோடி.

மாதக்கணக்கில் பீர் உள்ளே கிடக்கும்போது மரத்திலிருந்து என்ன வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மரத்தின் லிக்னின் சூட்டில் உடைந்து வெனிலின் ஆகிறது; வெனிலா வாசம் அதுதான். ஓக்கில் இருக்கும் லாக்டோன்கள் தேங்காய் வாசம் தருகின்றன. யூஜினால் கிராம்பு வாசம் தருகிறது. நம் அஞ்சறைப்பெட்டிக் கிராம்பின் வாசமும் இதே யூஜினாலால் வருவதுதான். கருக்கிய பக்கத்தில் மரத்தின் சர்க்கரை பாகாகி நிற்கிறது, அதிலிருந்து கேரமல். கூடவே கொஞ்சம் துவர்ப்பு, பீப்பாயில் மிச்சமிருந்த விஸ்கியின் காரம், மரத்தின் வழியே மெல்லக் கசியும் காற்றின் வேலை.

மூன்றாவது குரல் பிறகு சேர்த்த பொருள். கோப்பிக்கொட்டை, கொக்கோ, வெனிலா, வறுத்த தேங்காய், மிளகாய் என்று வரும். நம் பக்கத்து ருசிக்கு குலா மெலாக்கா (தென்னை வெல்லம்), பாண்டான் இலை, சாதிக்காய் என்றும் போகலாம்.

நான் எந்த பாட்டிலைத் திறந்தாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். மூன்று குரலும் கேட்கிறதா? சேர்த்த பொருளை மனதுக்குள் கழித்துப் பார்த்தால், மிச்சம் நிற்பது நல்ல ஸ்டவுட்டா? கழித்தால் வெறும் இனிப்புத் தண்ணீர்தான் மிஞ்சும் என்றால், மேலே எவ்வளவு வாசம் இருந்தாலும் நான் இறங்கிவர மாட்டேன்.

மூக்குக்குப் பாடம்: பாட்டில் வாங்குவதற்கு முந்தைய நாள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் லெபோ பசார் பக்கம் ஒரு மளிகைக் கடைக்குப் போய்க் கிராம்பு, சாதிக்காய், பேரீச்சம்பழம், கருப்பட்டி அல்லது குலா மெலாக்கா கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். வீட்டில் தேங்காய்த் துருவலில் பாதியைச் சிவக்க வறுத்து, மீதியைப் பச்சையாகவே வையுங்கள். கோப்பிக்கடைத் தூள் ஒரு கரண்டி, சாதாரணமாக வறுத்த கொட்டையை அரைத்த தூள் ஒரு கரண்டி. இந்த இரண்டும் ஒன்றல்ல: நம் ஊர்க் கோப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுப்பார்கள், அதனால் அதில் வெண்ணெயும் பாகும் கலந்த வாசம் இருக்கும். பிறகு குறைகளுக்கான வாசங்கள்: ஒரு மூடி கிச்சாப், ஒரு மூடி காடி, நனைத்த அட்டைத் துண்டு ஒன்று.

எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பாத்திரத்தில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவரை ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டச் சொல்லுங்கள். பெயரை உடனே சொல்ல வேண்டும். முதல் தடவை கிராம்பையும் சாதிக்காயையும் மாற்றிச் சொல்லாதவர் குறைவு. மூன்று சுற்று போனால் பிடிபட்டுவிடும். நான் பார்த்தவரை இதில் சீக்கிரம் தேறுவது சமையலறையில் கைபழகியவர்கள்.

பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது

முதலில் தேதியைப் பாருங்கள். பீப்பாயில் ஊறியது என்றாலே வருடக்கணக்கில் வைக்கலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மரமும், மால்ட் என்ற முளைகட்டிய வாற்கோதுமையும் தாங்கும், உண்மைதான். சேர்த்த பொருள் தாங்காது. முதலில் போவது கோப்பி. பழசானால் அது பச்சைக் குடமிளகாய் வாசத்துக்குத் திரும்பிவிடும். தேங்காயும் மங்கும். ஆகவே வாசனைப் பொருள் சேர்த்ததை இளமையாகவே குடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்தது சூடு. பத்து பாகை கூடினால் வேதிவினை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுக் கணக்கு. குளிர்நாட்டுப் பாதாள அறைக்காகச் சொல்லப்பட்ட ஆயுள், 32 பாகையில் வியர்க்கும் நம் ஊர்த் தட்டில் செல்லாது. ஒருமுறை தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு, கடை வாசலோரம் பிற்பகல் வெயில் விழும் தட்டிலிருந்த ஒரு பாட்டிலை வாங்கினேன். வெனிலா சேர்த்த பீர் அது. கிளாஸில் ஊற்றியதும் வந்தது கிச்சாப். அதன் அடியில் நனைந்த அட்டை. வெனிலா இருந்த இடமே தெரியவில்லை. எங்கேயோ ஒருவர் மாதக்கணக்கில் காத்திருந்து செய்த வேலை அந்தத் தட்டில் வீணாகிப் போனதை நினைத்து மனசு கஷ்டப்பட்டது. அன்றிலிருந்து குளிர்ப்பெட்டிக்குள் வைத்து விற்கும் கடையில் மட்டும்தான் வாங்குகிறேன். வீட்டிலும் ஐஸ்பெட்டிக்குள், படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

மேசையைத் தயார் செய்வது

நான்கு பேர் சரியான கணக்கு. 330 மில்லி, 12 விழுக்காடு பாட்டிலில் சுத்த ஆல்கஹால் சுமார் 31 கிராம் இருக்கிறது. நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 80 மில்லி, 8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மதிப்பிட அது தாராளம். ஒரு மாலையில் மூன்று பாட்டிலுக்கு மேல் நாக்கும் உழைக்காது, தீர்ப்பும் நிற்காது. வண்டி ஓட்டுகிறவர் அன்று முகர்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான்.

சாப்பாடு முன்பே முடிந்திருக்க வேண்டும், ஆனால் நாசி கண்டார் சாப்பிட்ட கையோடு வராதீர்கள். குழம்பின் காரம் நாக்கிலிருந்து இறங்க இரண்டு மணி நேரமாவது விடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போட்ட வீட்டில் மேசை போடாதீர்கள். கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, தலையில் மல்லிகை, சட்டையில் சென்ட், எல்லாமே மூக்கைத் திருடும். வாய் கழுவ ஐஸ் போடாத தண்ணீர், நடுவில் கடிக்க உப்பில்லாத கிரீம் கிராக்கர் அல்லது வெறும் ரொட்டி.

கிளாஸ், வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும்: துலிப், பிராந்தி கிளாஸ், அதுவும் இல்லையென்றால் ஒயின் கிளாஸ். கோப்பிக்கடையின் கனமான பீர் குவளையில் வாசம் நிற்காது.

சூடுதான் நம் ஊரில் பெரும்பாலோர் தவறவிடும் இடம். ஐஸ்பெட்டியின் 4 பாகையில் ஊற்றினால் வாசம் எழும்பாது, கசப்பும் துவர்ப்பும் மட்டும் முன்னால் வரும். எனக்கு 12 முதல் 14 பாகை வேண்டும். பாட்டிலை எடுத்து மேசையில் வைத்து 20 நிமிடம் போல விட்டால் ஏறத்தாழ அங்கே வந்து நிற்கும். சமையல் வெப்பமானி இருந்தால் முதல் இரண்டு தடவை அளந்து பழகிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கையே சொல்லிவிடும்.

சுருதி சேர்ப்பது

இது என் சொந்தப் பழக்கம். பெரிய பாட்டிலைத் திறக்குமுன் ஆளுக்கு ஒரு வாய் நம் ஊரில் காய்ச்சும் சாதாரண கின்னஸ் ஊற்றுவேன். 1960களிலிருந்து பெட்டாலிங் ஜெயா பக்கம் சுங்கைவேயில் காய்ச்சப்படும் பீர் அது, பல மளிகைக் கடைகளில் கிடைக்கும். மரம் இல்லை, வெனிலா இல்லை. கருகல், கசப்பு, லேசான புளிப்பு மட்டும். கச்சேரிக்கு முன் தம்பூராவைக் கேட்டுக்கொள்வதைப் போல. அந்தக் கருகலை நாக்கில் நிறுத்திக்கொண்டால், அடுத்த கிளாஸில் மேலதிகமாக வருவது எது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

தோட்டத்தில் என் பாட்டி, பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஸ்டவுட் ஊற்றிக் கொடுத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அது மருந்தில்லை, தாய்ப்பால் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டியது என்று இன்று தெரியும். ஆனாலும் அந்தக் கசப்பு நம் வீடுகளுக்குப் புதிதல்ல என்பதை நினைத்துக்கொள்வேன்.

பார்ப்பது

கிளாஸைச் சாய்த்து மெல்ல ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி நுரையை எழுப்புங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரியலாம், தெரியாமலும் போகலாம், இரண்டும் சரி. நுரை கோப்பித்தண்ணி நிறத்தில் இருக்கும். ஆல்கஹால் கூடிய பீரில் அது சீக்கிரம் அடங்குவது குறையல்ல. தேங்காயோ கொக்கோவோ சேர்த்திருந்தால் அவற்றின் எண்ணெயும் நுரையைக் கொல்லும். தோற்றத்துக்கு மொத்தம் 3 மதிப்பெண்தான், இங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

முகர்வது

மூக்கை உள்ளே விட்டு ஆழமாக இழுக்காதீர்கள். 12 விழுக்காட்டு ஆவி முதல் இழுப்பிலேயே மூக்கை மரத்துப்போக வைத்துவிடும். கிளாஸை முகவாய்க்குக் கீழே பிடித்து, பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே சின்னச் சின்னதாக இரண்டு முகர்வு. முதலில் தோன்றிய சொல்லை அப்படியே எழுதுங்கள். பிறகு கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி, மூன்று சுழற்று சுழற்றி, கையை எடுத்ததும் ஒரு முகர்வு. மரமும் ஆல்கஹாலும் இப்போதுதான் மேலே வரும். மூக்கு களைத்தால் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தை முகருங்கள். பழகிய சொந்த வாசம் மூக்கைச் சமநிலைக்குக் கொண்டுவரும்.

எழுதும்போது வரிசை முக்கியம்: பீர், மரம், சேர்த்தது. லேபிளில் கோப்பி என்று இருந்தால் மனம் உடனே கோப்பியைத் தேடி ஓடும். அதைப் பிடித்து நிறுத்தி, முதலில் மால்ட்டைத் தேடுங்கள். கருப்பட்டியா, பேரீச்சையா, அடிப்பிடித்த பாகா? பிறகு மரம்: வெனிலா, கிராம்பு, பச்சைத் தேங்காய், சீவிய பலகை. கடைசியாக லேபிள் சொல்லும் பொருள். முடிந்தால் பாட்டிலை நாளிதழில் சுற்றி, எண் போட்டு, மேசையில் இல்லாத ஒருவரை ஊற்றச் சொல்லுங்கள். லேபிளின் படமும் விலையும் நம் தீர்ப்பை எவ்வளவு இழுக்கின்றன என்பது அன்றுதான் புரியும்.

மரத்தின் தேங்காயும் சேர்த்த தேங்காயும் ஒன்றா என்பது இந்த வகையில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. ஒன்றல்ல. மரத்தினுடையது உலர்ந்து, மெலிந்து, வெனிலாவோடு ஒட்டிக்கொண்டு வரும். சேர்த்தது வறுவலும் கொழுப்பும் உள்ளது. எங்கள் மேசைக்கு முறுக்கு போட்டு விற்கும் அக்கா ஒருவர் வருவார். தேங்காய் சேர்த்த ஒரு ஸ்டவுட்டை நாங்கள் மூன்று பேரும் புகழ்ந்துகொண்டிருந்தபோது அவர் கிளாஸை மூக்கிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "தம்பி, இது வறுத்த தேங்காய் இல்ல. மூடி திறந்து கெடந்த தேங்கா எண்ணெய்." திரும்ப முகர்ந்தோம். கெட்ட எண்ணெயின் சிக்கு வாடை, தெளிவாக. அதற்குப் பிறகு அந்த பீரில் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

வாயில்

இரண்டு தேக்கரண்டி அளவு, அவ்வளவுதான். நாக்கு முழுக்கப் பரவவிட்டு ஐந்து எண்ணுங்கள். விழுங்குங்கள். உடனே வாயை மூடி மூச்சை மூக்கு வழியாக வெளியே விடுங்கள். சுவையின் பெரும்பகுதி அந்த மூச்சில்தான் இருக்கிறது. ஒயினைப் போலத் துப்பிவிட்டால் கசப்பின் கடைசிப் பகுதி தெரியாமல் போகும் என்பதால் பீர் நடுவர்கள் விழுங்கியே பார்ப்பார்கள்.

முதல் வாய் நாக்கைத் தயார் செய்ய மட்டும், அதற்கு மதிப்பெண் கிடையாது. இரண்டாவது வாயில் இனிப்பைத் தேடுங்கள். இந்த வகையில் நொதிக்காமல் மிஞ்சிய சர்க்கரை நிறைய இருக்கும், அது பீரின் உடம்பு. கேள்வி, அந்த இனிப்பைத் தாங்கிப் பிடிக்க எது இருக்கிறது என்பது. கருகல் கசப்பு, மரத்தின் துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு, இவற்றில் குறைந்தது இரண்டு எதிரே நிற்க வேண்டும். பாயசத்துக்கு ஒரு கல் உப்பு போடுவது எதற்கென்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வாயில் மரம். வெற்றிலையில் பாக்கு கூடிப்போனால் ஈறு இழுக்குமே, அதன் நிழல் மாதிரி லேசாக இருந்தால் அழகு. வாய் முழுக்க வறண்டு பலகையை நக்கியது போல இருந்தால் பீப்பாயில் அதிக நாள் கிடந்துவிட்டது. ஆல்கஹால் நெஞ்சுக்குள் மெல்லச் சூடாக இறங்க வேண்டும். தொண்டையைக் கிழித்தால் நொதித்தலில் தவறு.

விழுங்கிய பின் எண்ணத் தொடங்குங்கள். நல்ல ஸ்டவுட் அரை நிமிடமாவது நிற்கும், நிற்கும்போதே மாறும்: கோப்பியில் தொடங்கி, வெனிலாவுக்குப் போய், கருகலில் முடியும். முப்பது வரை எண்ணியும் ஒரே இனிப்பு உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது நீளம் அல்ல, பிசுபிசுப்பு. மிளகாய் சேர்த்ததில் காரம் இந்த நேரத்தில்தான் ஏறும். கருகலை மூடாத வரை ஏறட்டும்.

குறைகளை அடையாளம் காண்பது

காடி வாடையும் புளிப்பும் சேர்ந்து வந்தால் பீப்பாயில் அசெட்டிக் பாக்டீரியா புகுந்திருக்கிறது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி, எத்தில் அசிடேட். தயிர்ப் புளிப்பு, லாக்டோபேசில்லஸ். மரத்தின் துளைகளை முழுக்கச் சுத்தம் செய்ய முடியாது, ஆகவே அனுபவசாலிகளுக்கும் இது நேரும்: 2015 பர்பன் கவுண்டி வரிசையில் சிலவற்றில் லாக்டோபேசில்லஸ் புகுந்து, நிறுவனமே பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பச்சை ஆப்பிள் வாசம் அசெட்டால்டிஹைட். நனைந்த அட்டை, காற்றின் வேலை. கொஞ்சம் காற்று பட்டு உலர்திராட்சை, ஷெர்ரி ஒயின் போல வந்தால் அது குறையல்ல, முதிர்ச்சி.

வெண்ணெய் வாசத்தில் அவசரப்படாதீர்கள். வழக்கமாக அது டயாசிட்டில் என்ற நொதித்தல் குறை. ஆனால் நம் ஊர்க் கோப்பிக்கொட்டையைச் சேர்த்த ஸ்டவுட் என்றால், மார்ஜரின் வறுவலிலிருந்தும் அதே வாசம் வரலாம். நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று வழுக்கினால் டயாசிட்டில் என்றே சந்தேகிப்பேன். வழுக்காமல், கோப்பியோடு சேர்ந்தே வந்து சேர்ந்தே மறைந்தால் கொட்டையின் வாசமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மதிப்பெண்

பிஜேசிபி தாள் 50க்கு: வாசனை 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, ஒட்டுமொத்தம் 10. 45ம் அதற்கு மேலும் போனால் உலகத்தரம். 38 முதல் 44 வரை மிகச் சிறப்பு, 30 முதல் 37 மிக நன்று, 21 முதல் 29 நன்று, அதற்குக் கீழே பெரிய குறை இருக்கிறது என்று பொருள். ஒவ்வொருவரும் பேசாமல் தனித்தனியாக எழுதி முடித்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும். முதலில் பேசுகிறவரின் மதிப்பெண் மற்றவர் தாளில் ஏறிவிடும்.

அண்மையில் கோப்பியும் தேங்காயும் சேர்த்த 12 விழுக்காட்டு ஸ்டவுட் ஒன்றுக்கு என் தாள் இப்படி இருந்தது. வாசனை 8: கோப்பி-ஓ முதலில், பிறகு வெனிலா, வறுத்த தேங்காய், மால்ட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தோற்றம் 2: நுரை எழுந்து அரை நிமிடத்தில் காணாமல் போனது. சுவை 14: முன்பாதி அருமையான கருகல், நடுவில் குலா மெலாக்காப் பாகு, பின்பாதியில் தேங்காய் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. வாயுணர்வு 4: கனம், சூடு இதம். ஒட்டுமொத்தம் 6: இரண்டு குரல் கேட்டது, மரத்தின் குரல் அமுங்கியே இருந்தது. மொத்தம் 34.

தாளை மடித்துவிடாதீர்கள். கிளாஸில் இரண்டு வாய் மிச்சம் வைத்து, 20 நிமிடம் கழித்து, 20 பாகை தாண்டியபின் மறுபடி முகருங்கள். குளிர் மறைத்து வைத்திருந்த எல்லாம் அப்போது வெளியே வரும், நல்லதும் கெட்டதும். அன்று எனக்கு மரம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. 14ஐ அப்படியே விட்டேன். எதிரே அக்கா தன் கிளாஸை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பென்சிலை எடுத்துத் தன் தாளில் சுவைக்கு நேரே இருந்த 14ஐ அடித்துவிட்டு 12 என்று எழுதி, பக்கத்தில் ஒரே சொல் எழுதினார்: "எண்ணெய்."